தெ.பொ.மீ.யை எந்த எழுத்தில் தேடுவது?

மதுரை காமராசர் பல்கலைக்கழக நூலகத்துக்கு அதன் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரின் பெயர். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பொறுப்பேற்றவர் அவர். அடுத்து வந்தவர் மு.வரதராசனார். தமிழ்நாடு இருவரையும் முதலெழுத்துகளால்தான் அறியும்: தெ.பொ.மீ., மு.வ. இப்போது ஒரு வாசகர் நூலகப் பட்டியலில் தெ.பொ.மீ.யின் நூல்களைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'தெ' வரிசையில் பார்ப்பாரா, 'மீ' வரிசையிலா? அங்கே மீனாட்சிசுந்தரன் என்று இருக்குமா, மீனாட்சிசுந்தரனார் என்றா? அவர் ஆங்கிலத்தில் எழுதி 1965-ல் புனே டெக்கான் கல்லூரி வெளியிட்ட தமிழ் மொழி வரலாறு ரோமன் எழுத்தில் தனியாக வேறோர் இடத்தில் நிற்குமா? அதே 'மீ' வரிசையில் உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இருக்கிறாரே, இருவரும் கலந்துவிடாமல் பிரித்துக் காட்டுவது யார் பொறுப்பு?

பட்டியலாளரின் பொறுப்பு. அந்தப் பொறுப்புக்கு ஆளை உருவாக்குவதுதான் நூலக, தகவல் அறிவியல் முதுகலைப் படிப்பு. மேலாண்மை, கணினிப் பயன்பாடு, ஆய்வு முறையியல், தகவல் மீட்பு என்று எத்தனையோ தாள்கள் அதில் உண்டு. படிப்பு முடிந்து வேலைக்கும் வந்து, இன்று திரும்பிப் பார்க்கும்போது, மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக மட்டும் கடந்துபோகும் பட்டியலாக்கச் செய்முறைத் தாளே அவற்றுள் மிகப் பெரிய அறிவுப்புலமாக எனக்குத் தெரிகிறது. உலக விதிகள் அந்தப் புலத்தில் தமிழுக்கென்று ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கின்றன. அதை நிரப்பத் தகுந்தவர்கள் நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வேலையை நாம் அவர்களிடம் கொடுப்பதில்லை.

நூல் கைக்குக் கிடைக்காத வேதனையை மதுரை நன்றாக அறியும். பாண்டித்துரைத் தேவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்த இடத்தில் மேற்கோள் பார்க்கத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டதாகவும், நகரில் எளிதில் கிடைக்கவில்லை என்றும், அந்த வருத்தமே 1901-ல் நான்காம் தமிழ்ச் சங்கம் அமையத் தூண்டியதென்றும் சொல்வார்கள். சங்கத்தோடு பாடசாலையும் நூல்நிலையமும் 'செந்தமிழ்' இதழும் வந்தன. நூலகவியல் மாணவரின் கண்ணோடு பார்த்தால், தமிழின் நவீன வரலாற்றில் ஒரு பெரிய நிறுவனம் பிறந்ததே விடை கிடைக்காத ஒரு நோக்குநூல் கேள்வியால்தான்.

நூலகக் கல்வியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவில் மெல்வில் டூயி 1887-ல் கொலம்பியாவில் முதல் நூலகப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் 1911-ல் பரோடாவில் போர்டனும், 1915-ல் லாகூரில் டிக்கின்சனும் பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள், இருவரும் அமெரிக்கர்கள். தமிழ்நாட்டில் தொடங்கிய வகுப்பு வேறு வகை. சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக ஆன எஸ்.ஆர்.ரங்கநாதன் லண்டன் சென்று படித்துவிட்டு 1925-ல் திரும்பினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் அமைந்தது. 1929-ல் அதன் சார்பில் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1931-ல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1937-ல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டு டிப்ளமோ ஆயிற்று. பின்னாளில் தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைத் துணைவியார் சாரதாவின் பெயரையும் சேர்த்து அப்பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் இருக்கைக்காக அவர் கொடுத்தார்.

இந்த வகுப்பில் பாடம் சொன்னவரே பாடநூலையும் எழுதிக்கொண்டிருந்தார். 1931-ல் ஐந்து விதிகள், 1933-ல் கோலன் பகுப்பு முறை, 1934-ல் வகைப்படுத்திய பட்டியலுக்கான விதித்தொகுப்பு, 1938-ல் பட்டியல் கோட்பாடு. அதாவது, இன்று நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் கோட்பாடுகள் அன்று ஒரு வகுப்பறையிலும் ஒரு நூலகத்தின் அன்றாட வேலையிலும் சோதித்துப் பார்க்கப்பட்டவை. அந்தக் கல்வியின் உயிர் அதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைப் பார்த்துத்தான் கோலன் பகுப்பு தமக்குத் தோன்றியது என்று ரங்கநாதன் சொல்லியிருக்கிறார். சில துண்டுகளைத் திருகாணியால் இணைத்து எத்தனையோ உருவங்கள் செய்யலாம்; அதுபோல ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து எண்ணால் இணைக்கலாம். டூயியின் தசமப் பகுப்பில் ஆங்கில இலக்கியத்துக்கு 820, ஜெர்மன் இலக்கியத்துக்கு 830. தமிழ் இலக்கியத்துக்கோ 894.811. 'பிற மொழிகள்' என்று ஒதுக்கிய 890-க்குள் நுழைந்து, புள்ளியைத் தாண்டி மூன்றாம் இலக்கத்தில்தான் தமிழ் வருகிறது. ரங்கநாதனிடம் இலக்கியத்துக்கு 'ஓ' என்ற ரோமன் எழுத்து. அதன்பின் திராவிட மொழிகளுக்கு 3, தமிழுக்கு 31. பிறகு வடிவம்: கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3. அடுத்து ஆசிரியர். இங்கேதான் அவர் செய்த ஒன்று என்னை வியக்க வைத்தது: ஆசிரியரை அவர் பெயரால் குறிக்கவில்லை, பிறந்த ஆண்டால் குறித்தார். 1800-களுக்கு 'எம்', 1900-களுக்கு 'என்'. ஆகவே 1882-ல் பிறந்த பாரதியின் கவிதை 31,1 என்பதற்குப் பின் எம்82 ஆகும். 1906-ல் பிறந்த புதுமைப்பித்தனின் கதை 31,3 என்பதற்குப் பின் என்06. அலமாரியில் நூல்கள் தாமாகவே கால வரிசையில் நின்றுவிடும். ஓர் இலக்கிய வரலாறே தட்டில் விரியும்.

இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது வகுப்பில் ஒருவர் கபிலருக்கு என்ன எண் என்று கேட்டார். ஒளவைக்கு? சங்கப் பாடல் பாடிய ஒளவையும் ஆத்திசூடி பாடிய ஒளவையும் ஒருவர் அல்லர் என்பதே அறிஞர்களின் முடிவு. பிறந்த ஆண்டு தெரியாதவர்களுக்கு ரங்கநாதன் மாற்று வழிகள் வைத்திருக்கிறார். ஆனால் அன்றைய வகுப்பில் விடையைவிட அந்தக் கேள்வியே முக்கியமாக இருந்தது. ஒளவை எத்தனை பேர் என்று முடிவெடுக்காமல் நூலை அலமாரியில் வைக்க முடியாது. பகுப்பெண் எழுதும் பென்சில், இலக்கிய வரலாற்றுக்குள் இறங்காமல் நகராது. எஸ்.வையாபுரிப்பிள்ளை 1940-ல் பதிப்பித்த சங்க இலக்கியத்தில் பாடல்களைத் தொகை நூல் வாரியாக வைக்காமல் புலவர் வாரியாகத் திரட்டி அடுக்கினார். எட்டுத்தொகை நூல்கள் பலவற்றிலும் பத்துப் பாட்டிலும் சிதறிக் கிடந்த கபிலர் ஒரே இடத்தில் கிடைத்தார். நூலகவியல் வகுப்பில் அந்தப் பதிப்பைப் பாடமாக வைக்க வேண்டும் என்பேன். அவர் செய்தது பட்டியலாளரின் வேலை. அதைத் தமிழறிஞரின் ஆயுதங்களோடு செய்தார்.

பெயர்களுக்கு வருகிறேன். மேலைநாட்டுப் பட்டியல் விதிகள் குடும்பப் பெயரை மையமாகக் கொண்டவை. குடும்பப் பெயரை முன்னே கொண்டுவந்து, காற்புள்ளி இட்டு, சொந்தப் பெயரைப் பின்னே எழுதுவது அவற்றின் அடிப்படை. தமிழ்ப் பெயருக்கு அந்தக் கட்டமைப்பே இல்லை. ஊர், தந்தை, சில இடங்களில் வீட்டுப் பெயர் ஆகியவை முதலெழுத்துகளாக முன்னே நிற்க, சொந்தப் பெயர் கடைசியில் வருகிறது. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர். சீர்காழி ராமாமிர்தம் மகன் ரங்கநாதன். கணிதமேதை ராமானுஜனின் பெயரில் உள்ள சீனிவாச என்பது தந்தையின் பெயர். கடைசிச் சொல்லைத் தலைப்பாகக் கொண்டால் போதும், சிக்கல் இல்லை என்று தோன்றலாம். அந்த எளிய விதி எங்கே உடைகிறது என்பதைப் பார்த்தால்தான் தமிழ்ச் சமூகமே தெரியும்.

ராஜம் கிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். இதில் கடைசிச் சொல் கணவர் பெயர். கடைசிச் சொல் விதிப்படி 'கிருஷ்ணன், ராஜம்' என்று பதிவு செய்தால், தமிழின் மிகப் பெரிய பெண் நாவலாசிரியர்களுள் ஒருவர் கணவர் பெயரின் கீழ் போய்விடுவார். 'ரா' வரிசையில் தேடும் வாசகர் வெறுங்கையோடு திரும்புவார். வை.மு.கோதைநாயகி அம்மாளின் 'வை.மு.' கணவர் குடும்பத்திலிருந்து வந்த முதலெழுத்துகள். அங்கே கடைசிச் சொல்லான 'அம்மாள்' மரியாதைச் சொல். தமிழில் அம்பை என்ற பெயரில் கதை எழுதியவர் ஆங்கிலத்தில் சி.எஸ்.லக்ஷ்மி என்ற பெயரில் ஆய்வு நூல் எழுதினார். இரண்டையும் ஒன்றாக்குவதா, இரண்டு எழுத்து அடையாளங்களாகவே விட்டு இடையில் ஒரு பார்வைக் குறிப்பு வைப்பதா? எஸ்.ரங்கராஜன் மனைவியின் பெயரில் சுஜாதாவாக எழுதினார். ஆண் எழுத்தாளர் பெண் பெயரில் ஒளிந்துகொள்ளவும், பெண் எழுத்தாளர் கணவர் பெயரோடு வரவும் இடம் தந்த ஒரு சமூகத்தின் பட்டியல் இது.

சாதிப் பட்டம் அடுத்த சிக்கல். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே ஆளின் பெயர் நூலுக்கு நூல் மாறும்: முதல் நூலில் பட்டத்தோடு, பிறகு பட்டம் இல்லாமல். பட்டத்தைத் தலைப்பில் சேர்த்தால் அவர் துறந்த ஒன்றை நூலகம் அவர் மேல் திரும்ப ஏற்றுகிறது. விட்டுவிட்டால், பழைய நூலின் முகப்புத்தாளில் உள்ளதை மறைக்கிறது. சாமிநாதையர் போன்ற பெயர்களில் பட்டம் பெயரோடு புணர்ந்தே கிடக்கிறது, பிரிக்கவும் முடியாது. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று எழுத்துவடிவங்கள் வேறு.

தனித்தமிழ் இயக்கம் இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. மதுரையில் எங்கள் கோச்சடையிலிருந்து சிறிது தூரம் தெற்கே போனால் விளாச்சேரி. பொம்மை செய்யும் குயவர்களால் பலரும் அறிந்த ஊர் அது. 1870-ல் அங்கே பிறந்தவர் வி.கோ.சூரியநாராயண சாஸ்திரியார். தம் பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் ஆனார், 1903-ல் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் பெரும்பாலும் வழங்கிய பெயர் ஒன்று, மறைந்தபின் தமிழ் உலகம் அவருக்கு நிலைநிறுத்திய பெயர் வேறொன்று. சுவாமி வேதாசலம் மறைமலையடிகளானதும் இப்படித்தான், ஆனால் அவர் அதன்பின் பல்லாண்டு புதுப்பெயரிலேயே எழுதினார். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு நேர்வுகளுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதைத் தீர்மானிக்க இரண்டு வாழ்க்கைகளையும், எந்தெந்தப் பதிப்பில் எந்தெந்தப் பெயர் அச்சானது என்பதையும் படிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் உலக விதி என்ன சொல்கிறது? 1961-ல் பாரிசில் கூடிய பன்னாட்டுப் பட்டியலாக்க மாநாடு, பெயரின் எந்தச் சொல்லைத் தலைப்பாக்குவது என்பதை அந்த ஆசிரியர் குடிமகனாக உள்ள நாட்டின் வழக்கப்படி, அது இயலாவிட்டால் அவர் எழுதும் மொழியின் வழக்கப்படி முடிவு செய்ய வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு நாட்டுக்கு நாடு பெயர் வழக்கங்களைத் திரட்டி ஒரு கையேடு வெளியிட்டுப் பலமுறை புதுப்பித்தது. 1978-ல் வந்த ஆங்கில-அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு, கன்னட, மலையாள, தமிழ், தெலுங்குப் பெயர்களுக்குத் தனிப் பத்தி ஒதுக்கி, குடும்பப் பெயர் இல்லாதபோது சொந்தப் பெயரின் கீழ் பதிய வேண்டும் என்றது. இவை எல்லாம் நல்ல, அடக்கமான விதிகள். உங்கள் வழக்கம் என்ன என்று நீங்களே சொல்லுங்கள், நாங்கள் பின்பற்றுகிறோம் என்பதுதான் அவற்றின் சாரம்.

நாம் சொன்னோமா? ரங்கநாதன் சொன்னார். 1955-ல் வந்த அவருடைய 'தலைப்புகளும் நெறிகளும்' என்ற ஆங்கில நூல் ஐந்து பட்டியல் விதித்தொகுப்புகளை ஒப்பிட்டது; ஆட்பெயர் அதில் பெரிய இடத்தைப் பிடித்தது. வாசகர் நாடிவரும் சொல்லே தலைப்பாக வேண்டும், ஒரு தலைப்பு ஒரே ஆளை மட்டும் குறிக்க வேண்டும், முகப்புத்தாளிலிருந்தே அதை உறுதி செய்ய முடிய வேண்டும் என்ற அவருடைய நெறிகளை எடுத்துக்கொண்டு மேற்சொன்ன ஒவ்வொரு பெயரையும் அளந்து பார்க்கலாம். நெறிகள் ஒன்றோடொன்று மோதும். மோதும் இடத்தில் மாணவர் சிந்திக்க வேண்டியிருக்கும். ஆனால் நம் பாடத்திட்டத்தில் அவை இருமதிப்பெண் வினாவுக்கான பட்டியலாகச் சுருங்கிவிட்டன. செய்முறைத் தேர்வில் மாணவருக்குத் தரும் முகப்புத்தாள்கள் பெரும்பாலும் ஆங்கில நூல்களுடையவை. குடும்பப் பெயர் கொண்ட இரண்டு அயல்நாட்டு ஆசிரியர்கள், ஒரு பதிப்பாசிரியர், ஒரு தொடர் வரிசை. அதைச் சரியாகப் பதிந்தவர் முழு மதிப்பெண் பெறுவார். வேலைக்கு வந்த முதல் நாளே அவர் முன் வந்து நிற்கும் நூல் தமிழ் நூலாக இருக்கும்.

நூலகங்கள் இன்று பயன்படுத்தும் மார்க் பதிவு வடிவம் 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ராம் உருவாக்கியது. அதில் ஆசிரியர் பெயருக்கான 100-ஆம் புலத்தில் முதல் குறிகாட்டி ஓர் எண். 0 என்றால் சொந்தப் பெயர், 1 என்றால் குடும்பப் பெயர், 3 என்றால் குடும்பம். கோஹா என்ற நூலக மென்பொருளில் ஒரு தமிழ் நூலை ஏற்றும் நூலகர் இந்த ஒற்றை எண்ணைத் தட்டும்போது, தெரிந்தோ தெரியாமலோ, தமிழர் பெயர் முறை பற்றி ஒரு கோட்பாட்டு முடிவை எடுக்கிறார். ஒரே நகரத்தில் இரண்டு கல்லூரிகள் இரண்டு விதமாகத் தட்டினால், இரண்டு பட்டியல்களையும் இணைக்கும்போது ஒரே ஆசிரியர் இருவராகிவிடுவார். புலம்பெயர்ந்தவர்கள் நிலைமை இன்னும் கடினம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்புவதற்காகத் தந்தை பெயர் அங்கே போகும். பிறகு கனடாவிலோ பிரான்சிலோ குடியுரிமை பெற்ற எழுத்தாளரைக் குடிமகன் வழக்கப்படி பதிந்தால், தந்தை பெயர் தலைப்பாகும். மொழி வழக்கப்படி பதிந்தால் சொந்தப் பெயர். அவர் அண்ணன் மதுரையில் இருந்து எழுதினால் அவருக்கு வேறு விதி.

கணினி அகர வரிசையிலும் இதே அலட்சியம்தான். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குத் தந்த குறியெண் வரிசையும் நம் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. குறியெண்ணில் ந-வுக்கு அடுத்து ன வருகிறது. ர-வுக்கு அடுத்து ற. ல, ள, ழ மூன்றும் முடிந்த பிறகே வ. மென்பொருள் குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அனந்தன் முன்னே வந்து அம்பை பின்னே போவார். அகராதி முறைப்படி அம்பைதான் முந்த வேண்டும். புள்ளிக் குறியும் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருப்பதால் கலாப்ரியா முதலில், கல்கி பிறகு. நம் முறையில் கல்கி முதலில். தமிழ் வரிசைக்கான விதியைத் தனியே வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நிறுவும்போது அதைப் பொருத்தினால் போதும். பொருத்த வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் வேண்டும். நூலகத் தானியக்கத் தாளில் மென்பொருள்களின் வரலாற்றை மாணவர் எழுதுகிறார். இந்த ஒரு பரிசோதனையை அவர் செய்து பார்ப்பதில்லை.

பட்டியல் போடும் மரபு தமிழுக்குப் புதிதும் அல்ல. ஜான் மர்டாக் 1865-லேயே அச்சான தமிழ் நூல்களுக்கு வகைப்படுத்திய பட்டியல் வெளியிட்டார். 1960-களில் 'தமிழ் நூல் விவர அட்டவணை' தொகுதிகள் வந்தன. இந்திய தேசிய நூற்பட்டியல் தமிழ் உட்பட எல்லா மொழி நூல்களையும் ரோமன் எழுத்தில் பதிந்தது. இந்தியாவை ஒரே வரிசையில் அடுக்க அன்று வேறு வழி இல்லை என்பது புரிகிறது, ஆனாலும் ரோமனில் தன் பெயரைத் தேட வேண்டியிருந்த தமிழ் வாசகர் அந்தத் தொகுதியைத் திறக்கவே இல்லை. கே.கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கலன்று இணையத்தில் தொடங்கிய மின்னூல் திட்டத்துக்கு எங்கள் ஊரின் பெயரையே வைத்து மதுரைத் திட்டம் என்றார்கள். திருக்குறளை முதலாவதாக வைத்து நூல்களுக்குத் தொடர் எண் கொடுத்தார்கள். இலங்கைத் தமிழர்களின் நூலகம் திட்டம் 2005 முதல் ஆயிரக்கணக்கான ஆவணங்களை மின்வடிவாக்கி எண்ணிட்டிருக்கிறது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்குப் பட்டியல் என்பது எத்தனை அவசரமான வேலை என்று சொல்லத் தேவையில்லை. இவற்றை நடத்தியவர்களில் பலர் நூலகவியல் படித்தவர்கள் அல்லர். படித்தவர்கள் அவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டியது பெயர் ஒழுங்கு.

நூலகவியலில் இதைப் பெயர் ஆணையக் கோப்பு என்பார்கள். ஓர் ஆசிரியருக்கு ஒரு பதிவு: ஏற்றுக்கொண்ட பெயர்வடிவம், மற்ற எல்லா வடிவங்கள், புனைபெயர்கள், முதலெழுத்துகளின் விரிவு, பிறந்த, மறைந்த ஆண்டுகள், எந்த நூலின் முகப்பிலிருந்து இது தெரிந்தது என்ற சான்று. தெ.பொ.மீ., மு.வ., திரு.வி.க., ம.பொ.சி., தி.ஜா., கி.ரா. போன்ற சுருக்க வடிவங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் முழுப் பெயருக்கு ஒரு கைகாட்டி. தமிழ் வாசகர் நாடிவரும் சொல் பெரும்பாலும் இந்தச் சுருக்கம்தான். அதை விட்டுவிட்டுச் செய்யும் பட்டியல் ரங்கநாதனின் நெறிக்கே முரண்.

முதுகலை மாணவர் இறுதிப் பருவத்தில் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி, மின்வளங்கள் பற்றிய விழிப்புணர்வும் பயன்பாடும் என்ற தலைப்பில் வினாநிரல் கொடுத்து, விழுக்காடு போட்டு, அட்டவணை வரைந்து முடிப்பது வழக்கமாகிவிட்டது. தலைப்பில் கல்லூரியின் பெயர் மட்டும் மாறும். அந்த உழைப்பின் ஒரு பகுதியை இங்கே திருப்பலாம். ஒரு வகுப்பில் முப்பது பேர் என்றால், ஆளுக்கு ஐம்பது ஆசிரியர்களின் பெயர்ப் பதிவு. ஓராண்டில் ஆயிரத்து ஐந்நூறு. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகமும், 2023 ஜூலை 15 அன்று புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும், தமிழ்ச் சங்கத்தின் நூலகமும், பழைய கல்லூரிகளின் நூலகங்களும் உள்ள நகரம் இது. முகப்புத்தாள்களுக்குப் பஞ்சமில்லை.

நூல்கள் மட்டும் போதாது என்று கோச்சடையில் இருந்துகொண்டு எனக்குத் தோன்றுகிறது. வைகையின் தென்கரையில் மேலக்கால் சாலையை ஒட்டி வயலாகக் கிடந்த நிலம் வீட்டுமனைகளாக மாறியதைப் பார்த்த தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. இந்த மாற்றத்தை எழுதிய நூல் ஏதும் நூலகத் தட்டில் இல்லை. இருப்பவை கோயில் திருவிழா நோட்டீசுகள், குடமுழுக்கு மலர்கள், கல்யாணப் பத்திரிகைகள், மனை விற்பனைத் துண்டறிக்கைகள். முத்தையா சாமி கோயில் நோட்டீசைக் கையில் எடுத்தால், உபயதாரர் பட்டியலில் நம் பெயர் முறையின் எல்லா வகையும் கிடைக்கும்: தந்தை பெயர், ஊர்ப் பெயர், தொழில், கடைப் பெயர், காலமானவரின் நினைவாகக் கொடுத்த மக்கள், முடிவில் 'வகையறா'.

இந்த வகையறாவை நம் செய்முறை வகுப்பில் எங்கே வைப்பது என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். அது தனி ஆள் அல்ல. பதிவு பெற்ற சங்கமும் அல்ல. ஒரு முன்னோரின் பெயரில் நிற்கும் பங்காளிக் கூட்டம். பழைய விதிகளில் அதற்கு இடமில்லை. 2010-ல் வந்த வளங்களின் விவரிப்பு விதித்தொகுப்பு குடும்பத்தையும் ஒரு படைப்பாளராக ஏற்றது. மேலே சொன்ன குறிகாட்டி 3 அதற்கானது. மேலைநாட்டு ஆவணக் காப்பகங்கள் பிரபுக் குடும்பங்களின் கடிதத் தொகுப்புகளுக்கு அதைப் பயன்படுத்துகின்றன. மதுரை வட்டாரத்துக் கோயில் நோட்டீசின் வகையறாவுக்கு அது அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. அப்படிப் பதிந்தால் எந்த வகையறா எந்தக் கோயிலில் எத்தனை ஆண்டு எந்த உபயம் செய்தது என்பதைப் பின்னால் வரும் சமூக வரலாற்று ஆய்வாளர் ஒரே தேடலில் எடுக்கலாம். இதை ஒரு மாணவர் செய்முறைக் குறிப்பேட்டில் செய்துகாட்டினால், எந்தப் பல்கலைக்கழகமும் மதிக்க வேண்டிய ஆய்வு அது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் 'செந்தமிழ்' என்பேன். 1902-ல் தமிழ்ச் சங்கம் தொடங்கிய அந்த இதழின் தொகுதிகளுக்குக் கட்டுரையாளர் வாரியாக ஒரு முழுமையான பெயர்ப் பதிவைச் செய்து தருவது ஒரு வகுப்பின் இரண்டு ஆண்டு வேலை. முதல் நாளே மாணவர்கள் இரண்டு பேரைச் சந்திப்பார்கள். இதழின் முதல் ஆசிரியர் ரா.இராகவையங்கார், அவரை அடுத்து ஆசிரியரானவர் மு.இராகவையங்கார். இருவரும் உறவினர்; சேதுபதிகளின் அவையோடு தொடர்புடையவர்கள்; ஒரே இதழில், ஒரே துறையில் எழுதியவர்கள். தலைப்புச் சொல் இருவருக்கும் ஒன்றே. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது முன்னால் நிற்கும் அந்த ஓரெழுத்து. மு என்பது முத்துசுவாமி ஐயங்காரைக் குறிக்கும் தந்தையின் முதலெழுத்து. ஆங்கில நூற்பட்டியல்களிலும் இணையத் தேடல்களிலும் அந்த எழுத்து எத்தனையோ முறை விழுந்துபோய், ஒருவர் எழுதிய கட்டுரை மற்றவர் கணக்கில் சேர்ந்திருக்கிறது. கட்டுரைகளின் கீழே முழுப் பெயர் போட்டவையும் உண்டு, பதிப்பாசிரியர் என்று மட்டும் போட்டவையும் உண்டு. பின்னவற்றுக்கு எந்த ஆண்டில், எந்த மாதம் வரை யார் ஆசிரியராக இருந்தார் என்பதை இதழின் உள்ளிருந்தே தேடி நிறுவ வேண்டும்.